பார்த்ததை மறுபடியும் பார்ப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அன்புள்ள பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரர்களே, சமோசா எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

என்னைப் பேச அழைத்தவர்கள், "பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை டீச்சர், அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். நான்கு முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிறாள், எந்நேரமும் செல்போன். இது எல்லா வீட்டிலும் உள்ள புகார்தான். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய நானும் இதே புகாரைப் பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இன்று பிள்ளைகளின் கவனக்குறைவைப் பற்றிப் பேசப்போவதில்லை. என்னுடைய கவனக்குறைவு ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்பு, எட்டாம் வகுப்பு. மதிய நேரம், கடும் வெயில். மின்சாரம் போய்விட்டது. வெயில் உள்ளே அடிக்கிறதென்று பிள்ளைகள் மரச் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார்கள். அறை அரை இருட்டு. நான் கரும்பலகைப் பக்கத்துக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கிடைத்த வெளிச்சத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் பலகையைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை அதட்டினேன். அவன் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், சுவத்துல சைக்கிள் ஏன் தலைகீழா போகுது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். "சுவரைப் பார்க்காதே, போர்டைப் பார்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அன்றைக்கு இரவு படுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. சன்னல் பலகையில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அது வழியாக வெளி வெளிச்சம் இருட்டறைக்குள் விழுந்து, தெருவில் போகும் சைக்கிளைச் சுவரில் தலைகீழாகக் காட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் பலகையில் என்ன வரைந்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஊசித்துளை கேமரா! ஒரு பெட்டி, அதில் ஒரு துளை, உள்ளே தலைகீழ் பிம்பம். நாற்பது பிள்ளைகளும் நானும் ஒரு பெரிய ஊசித்துளை கேமராவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அதைக் கண்டுகொண்டவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் கவனம் இல்லாதவன் என்று உட்கார வைத்தேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பரீட்சை நெருங்கியது, பாடம் பாக்கி இருந்தது, சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கவனம் என்ற சொல்லுக்கு நாம் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே ஒரு பொருள்தான் வைத்திருக்கிறோம். நாம் காட்டும் இடத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதை முழுமனதோடு பார்ப்பதும் கவனம்தான். கேள்வி பிறப்பது அந்தப் பார்வையில்தான்.

இப்போது மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லைப் பல இடங்களில் கேட்கிறோம். அமெரிக்காவில் ஜான் கபாட் ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்காக இதை ஒரு பயிற்சியாக ஆரம்பித்தார். அவர் பௌத்த தியான முறைகளிலிருந்து இதை எடுத்ததால், நம்மில் சிலருக்கு "இது நமக்கு ஆகுமா?" என்ற தயக்கம் உண்டு. நான் இன்று தியான முறை எதையும் பற்றிப் பேசவில்லை. மனம் இருக்கும் இடத்தில் இருந்து, எதிரில் உள்ளதைப் புதிதாகப் பார்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். அது எந்தச் சமூகத்துக்கும் தனிச்சொத்து இல்லை.

நமக்கு இதில் அனுபவமும் உண்டு. தக்பீர் கட்டி நிற்கிறோம். நாக்கு ஓதிக்கொண்டே போகிறது, மனம் கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறது. "இது இரண்டாவது ரகஅத்தா, மூன்றாவதா?" என்று தடுமாறாதவர் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்! உள்ளச்சத்தோடு தொழுத தொழுகைக்கும் பழக்கத்தில் தொழுத தொழுகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த எவருக்கும், நான் சொல்லும் கவனம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை.

இதே வித்தியாசத்தை, பார்வை என்ற விஷயத்தில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இப்னுல் ஹைஸம். ஏறக்குறைய 965-ல் பஸராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் காலமானவர். ஐரோப்பியர்கள் அவரை அல்ஹாசன் என்றார்கள். அவர் எழுதிய கிதாபுல் மனாழிர் என்ற நூல் ஏழு பாகங்கள், முழுக்க முழுக்க ஒளியையும் பார்வையையும் பற்றியது. பிறகு லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் படித்த நூல். 2015-ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவரை நினைவுகூர்ந்தது.

அவருக்கு முன்னால் யூக்ளிடும் தாலமியும், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பெரிய மேதைகள் சொன்னது, நூற்றாண்டுக் கணக்கில் பாடமாக இருந்தது. இப்னுல் ஹைஸம் ஒரு சாதாரண விஷயத்தைக் கவனித்தார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிரகாசமான ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அதன் சாயல் கண்ணிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வந்து வேலை செய்கிறது அல்லவா? சூரியனைப் பார்த்துக் கண் கூசாதவர் யார்? எல்லோருக்கும் நடந்ததுதான். அங்கே நின்று "ஏன்?" என்று கேட்டவர் அவர்.

கேட்டதோடு நிற்கவில்லை. இருட்டறை ஒன்றில் சிறு திறப்பு. அதற்கு எதிரே வெளியில் வெவ்வேறு இடங்களில் பல விளக்குகள். உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி தனித்தனியாக விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் காணாமல் போகிறது. மறைப்பை எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வருகிறது. எல்லா விளக்கொளியும் ஒரே ஓட்டை வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் ஒன்றோடொன்று கலந்துபோவதில்லை, ஒவ்வொன்றும் நேர்கோட்டில் தன் வழியில் போகிறது. என் வகுப்பறைச் சுவரில் சைக்கிள் தலைகீழாகப் போனதற்கும் இதுதான் காரணம். மேலேயிருந்து வரும் ஒளி துளை வழியாக நேராகக் கீழே இறங்குகிறது, கீழேயிருந்து வருவது மேலே ஏறுகிறது.

அந்த நூலில் பார்வையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, கண்ட மாத்திரத்தில் வருவது. மற்றொன்று தஅம்முல், அதாவது ஊன்றிப் பார்ப்பது. கண்ட மாத்திரத்தில் மேலோட்டமானதுதான் கிடைக்கும். கண்ணைப் பொருளின் ஒவ்வொரு பகுதி மேலும் ஓட்டி, பிரித்து அறிந்து பார்த்தால்தான் அதன் உண்மையான வடிவம் கிடைக்கும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருந்தால், நாம் ஒன்றிரண்டு அடையாளத்தை வைத்தே "இது இன்னது" என்று முடிவு செய்துவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அப்ஜத் என்ற சொல்லைக் கண்டதும், எழுத்தெழுத்தாகப் பார்க்காமலேயே வாசித்துவிடுவதைப் போல.

இது தப்பு என்று அவர் சொல்லவில்லை. நாமும் சொல்ல முடியாது. சாலையைக் கடக்கும்போது லாரியை ஊன்றி ஆராய்ந்துகொண்டு நிற்க முடியுமா? பழக்கத்தில் பார்ப்பது நமக்குத் தேவை. ஆபத்து எங்கே என்றால், எல்லாவற்றையும் அப்படியே பார்க்கத் தொடங்குவதில் இருக்கிறது. வீட்டு வாசல் மரத்தை, மனைவி முகத்தை, பிள்ளை கேட்கும் கேள்வியை, எல்லாவற்றையுமே "தெரியும், தெரியும்" என்று தாண்டிப் போகிறோம். தெரியும் என்று முடிவு செய்த இடத்தில் ஆர்வம் நின்றுவிடுகிறது. ஆர்வம் நின்ற இடத்தில் புதிதாக எதுவும் முளைப்பதில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எல்லென் லாங்கர் கவனத்துக்குச் சொல்லும் விளக்கம் மிக எளிது: புதியவற்றைக் கண்டுகொள்வது. அவரும் அலிசன் பைப்பர் என்பவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நம் வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்க்கலாம். சிலரிடம் சில பொருட்களைக் காட்டினார்கள். அதில் ஒன்று, நாய் கடித்து விளையாடும் ரப்பர் பொம்மை. ஒரு பிரிவினரிடம் "இது நாய் கடிக்கும் பொம்மை" என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் "இது நாய் கடிக்கும் பொம்மையாக இருக்கலாம்" என்றார்கள். பிறகு, நடத்துபவர் படிவத்தைத் தப்பாக நிரப்பிவிட்டதாகவும், அழிப்பதற்கு ரப்பர் இல்லையே என்றும் தவித்தார். அந்தப் பொம்மையாலேயே அழிக்கலாமே என்ற யோசனை, "இருக்கலாம்" என்று கேட்டவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. "இது இதுதான்" என்று கேட்டவர்களுக்கு அது பொம்மையாகவே இருந்துவிட்டது.

ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். நாம் ஒரு நாளில் பிள்ளைகளிடம் எத்தனை முறை "இது இதுதான், வாயை மூடு" என்கிறோம்?

படைப்பாற்றல் என்றதும் கவிதை, ஓவியம், அல்லது எங்கோ வெளிநாட்டு விஞ்ஞானி என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி தையல் கற்றவர். அவருடைய மாமியாருக்கு விரல் மூட்டுகளில் வலி. ஒவ்வொரு வக்துக்கும் ஒளு செய்யும்போது புர்காவின் கை பட்டனைக் கழற்ற முடியாமல் சிரமப்படுவார். வீட்டில் எல்லோரும் தினமும் பார்த்த காட்சிதான். ஒருநாள் இந்தச் சகோதரி, உதவி செய்ய ஓடாமல், ஒரு நிமிடம் நின்று அந்த விரல்களைப் பார்த்திருக்கிறார். எந்த விரல் மடங்கவில்லை, எங்கே பட்டன் வழுக்குகிறது என்று பார்த்திருக்கிறார். மறுநாள் பட்டனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெல்க்ரோ தைத்தார். ஒரு இழுப்பில் திறக்கும், ஒரு அழுத்தில் மூடும். இப்போது தெருவில் உள்ள வயதான தாய்மார்கள் பலர் அவரிடம் அப்படித்தான் தைக்கக் கொடுக்கிறார்கள்.

அந்த வெல்க்ரோவும் இப்படிப் பிறந்ததுதான். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், 1941-ல் நாயோடு மலைப்பகுதியில் வேட்டைக்குப் போய்விட்டு வந்தார். நம் ஊரில் வயக்காட்டுப் பக்கம் போனால் நாயுருவி விதை சேலையில் ஒட்டிக்கொள்கிறதே, அதுபோல ஒரு செடியின் காய்கள் அவருடைய துணியிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்தன. நாமாக இருந்தால் சலித்துக்கொண்டே பிய்த்துப் போட்டிருப்போம். அவர் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முள் நுனியெல்லாம் சின்னச் சின்னக் கொக்கிகள். துணியின் இழை வளையங்களில் அவை மாட்டிக்கொள்கின்றன! அதைத் துணியில் கொண்டுவர வருடக்கணக்கில் உழைத்தார். காப்புரிமை கிடைத்தது 1955-ல்.

இதில் மூன்று படிகளைப் பாருங்கள். முதலில் நின்று பார்த்தது. பார்த்ததால் "எப்படி ஒட்டுகிறது?" என்ற கேள்வி வந்தது. கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதால் புதிய பொருள் ஒன்று வந்தது. பஸராவில் பிறந்த அந்த அறிஞருக்கும் சரி, நம் தையல்காரச் சகோதரிக்கும் சரி, வழி ஒன்றுதான். முதல் படியில் ஏறாதவர் மூன்றாவது படிக்குப் போக முடியாது. நாம் பிள்ளைகளிடம் மூன்றாவது படியைக் கேட்கிறோம், "புதுசா ஏதாவது செய், புராஜெக்ட் செய், பரிசு வாங்கு" என்கிறோம். முதல் படியில் அவர்கள் நிற்கும்போது "என்ன வேடிக்கை, வா!" என்று கையைப் பிடித்து இழுத்துவிடுகிறோம்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே டீச்சர்? கடை, வேலை, டியூஷன், மத்ரஸா, எல்லாம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்பது நியாயம். நாள் முழுக்கக் கேட்கவில்லை. சிறிய பழக்கங்கள் நான்கு சொல்கிறேன்.

ஒன்று. பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள், விரட்டவும் விரட்டாதீர்கள். "நீ என்ன நினைக்கிறே? வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். வேலையாக இருந்தால் "இஷாவுக்குப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லி, மறக்காமல் பாருங்கள். நான் மறுநாள் கூப்பிடாமல் விட்டதுபோல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு. நமக்கே உறுதியில்லாத இடங்களில் "இருக்கலாம்" என்ற சொல்லைப் பழகுங்கள். "எனக்குத் தெரியலைம்மா" என்று சொல்வதால் அத்தாவின் மரியாதை குறைந்துவிடாது.

மூன்று. தினமும் பத்து நிமிடம், பெரியவர்களின் போன் உட்பட எல்லாப் போன்களையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு, வீட்டில் தினமும் பார்க்கும் ஒரு பொருளை எடுங்கள். வெங்காயம், தாழ்ப்பாள், முருங்கை இலை, எதுவானாலும் சரி. ஒவ்வொருவரும் அதில் இதுவரை கவனிக்காத மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு எளிதாக வரும். மூன்றாவதற்குத்தான் உண்மையாகவே பார்க்க வேண்டியிருக்கும்.

நான்கு. பிள்ளை "போரடிக்குது" என்றால் பயப்படாதீர்கள். உடனே போனைக் கையில் கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். சுவரைப் பார்க்கட்டும். சுவரில் என்ன தெரியுமோ, நமக்கென்ன தெரியும்?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என் ஸ்கூட்டரில் ஒரு சத்தம். இரண்டு இடங்களில் காட்டினேன், பெரிய செலவு சொன்னார்கள். பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்தவர் "டீச்சர்!" என்று எழுந்து நின்றார். அவன்தான். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அப்புறம் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டை விரலால் அழுத்தினான். சத்தம் நின்றது. ஒரு திருகாணி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

அன்றைக்குச் சுவரில் சைக்கிள் போனதை அவனிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் சிரித்தான். "அதெல்லாம் ஞாபகம் இல்ல டீச்சர். ஆனா 'போர்டைப் பார், போர்டைப் பார்'னு நீங்க சொல்றது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றான்.

அவன் கவனிப்பதை விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கவனிப்புக்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை. அவன் கேட்ட கேள்வியை ஒரு ஆசிரியை கையில் எடுத்திருந்தால் அவன் எதுவரை போயிருப்பான் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இன்று இரவே வரலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பழைய செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். ஒரு பக்கத்தில் ஊசியால் துளை போடுங்கள். எதிர்ப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். துளையை வெளிச்சமான தெருப்பக்கம் திருப்பி, தலையையும் பெட்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு தாளைப் பாருங்கள். தெரிவதை அம்மாவிடமும் அத்தாவிடமும் காட்டுங்கள். பெற்றோர்களே, அவர்கள் காட்ட வரும்போது போனைக் கீழே வைத்துவிட்டு, நீங்களும் குனிந்து ஒரு முறை பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தருவானாக. அவர்கள் காட்டுவதைப் பார்க்கும் பொறுமையை நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.